மாப்பிள்ளை வரைந்த பம்பு

பீளமேடு,
யுவ வருஷம், பொங்கலுக்கு அடுத்த வாரம்.

மதிப்பிற்குரிய தங்களுக்குக் கனகம் வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே யாருக்கும் காய்ச்சல் இல்லை. விடுதிச் சாப்பாடு தங்களை இன்னும் தோற்கடிக்கவில்லை என்று நம்புகிறேன். மேலுறையில் தங்கள் பெயரை எழுதினேன். அது தபால்காரருக்காக. உள்ளே எழுதக் கை வரவில்லை. கணிதத்தில் பட்டம் வாங்கிய கைதான். அதற்கும் வராத இடங்கள் உண்டு போலிருக்கிறது.

செய்தி. தங்கள் பம்புக்குள் சுழலப்போகும் சக்கரத்தை வியாழக்கிழமை வார்த்தார்கள். நானும் பட்டறைக்குப் போனேன். அம்மா வேண்டாம் என்றாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று வைத்துக்கொண்டேன். உருகின இரும்பைக் கரண்டியில் தூக்கி வந்தார்கள். எனக்கு மாதுளம்பழ நிறம் ஞாபகம் வந்தது. பிறகு, மாதுளை இவ்வளவு கோபமாக இராது என்று தோன்றியது.

ஆறின பிறகு மணலை உடைத்துச் சக்கரத்தை எடுத்தார் மாசாணம். அப்பாவிடம் ஆரம்பம் முதல் வார்ப்பு வேலை பார்க்கிறவர், தங்களுக்குத் தெரியும். துடைத்து என் கையில் கொடுத்தார். நல்ல கனம். நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும் இறக்கைகளின் வளைவு, பாதி மூடின என் இடது உள்ளங்கைபோலவே இருந்தது. ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். அழகாக இருக்கிறது என்று சொன்னேன். மாசாணம் இருமினார். 'அழகுக்கு என்னங்க அம்மணி குறைச்சல்,' என்றார். மறுபடியும் இருமினார். மணல் தூசி அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன்.

நினைத்துப் பார்த்தால் வேடிக்கை. தொழில் நடத்துகிறவர்களுக்குத் தங்கள் கல்லூரி எழுதியது: கடைசி வருஷ மாணவர்களுக்கு உங்கள் பட்டறையிலிருந்தே ஒரு வேலை சொல்லுங்கள், செய்து முடிக்கும்வரை கூட இருந்து வழிகாட்டுங்கள் என்று. அப்பா ஒரே வரியில் பதில் போட்டார். எங்கள் கிணறுகளுக்கு, எங்கள் ஊரிலேயே வார்த்த, மின்சாரத்தில் ஓடும் பம்பு வேண்டும். கிண்டியிலிருந்து ஒரு மாணவர் வந்து இறங்கினார். அப்பா கேட்டது பம்பு. கிடைத்தது மாப்பிள்ளை.

போன சித்திரையில் தாங்கள் வரைந்து கொண்டுவந்த முதல் படத்தை அப்பா பார்த்தபோது நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருந்தேன். 'ஏந்தம்பி, இது பம்பா, பூசணிக்காயா?' என்றார். சிவப்புப் பென்சிலை எடுத்தார். தாங்கள் எதிர்த்து வாதாடினீர்கள். குரல் நடுங்கியது, ஆனால் வாதாடினீர்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. இதை இதுவரை சொன்னதில்லை.

ஆவணியில் கலியாணம் ஆன பிறகு அப்பா ஒரு திருத்தமும் போடவில்லை, நான் தேறிவிட்டேன் போலிருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அப்பாவும் தினமும் சொல்கிறார்: 'மாப்பிள்ளை போட்டது போட்டபடியே இருக்கோணும். ஒரு கோடு மாறப்படாது.'

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
கனகம்


பீளமேடு,
தை அமாவாசை.

அன்புள்ள தங்களுக்கு,

தந்தி கிடைத்திருக்கும். அதில் அப்பா 'வெற்றி' என்ற ஒரு சொல்லைத்தான் அனுப்பினார். மீதியை நான் எழுதுகிறேன்.

சென்னியம்மாள் தோட்டத்துக் கிணற்றில் சோதனை. அந்த அம்மாளைத் தாங்கள் பார்த்ததில்லை. வீட்டுக்காரர் போன பிறகு தோட்டம் முழுவதையும் தனியாக நடத்துகிறவர். மலையிலிருந்து வரும் பைக்காரா மின்சாரம் அவர் வரப்பு ஓரமாகப் போகிறது. கம்பியைக் காட்டி, 'எந்நேரமும் சும்மா போய்ட்டு இருக்குதுங்க, ஒரு வேலை கொடுத்தா என்ன,' என்று அவரே அப்பாவைக் கூப்பிட்டார். மதுக்கரைச் சிமெண்டில் மேடை போட்டு மோட்டாரையும் பம்பையும் இறக்கினார்கள். நத்தை ஓடுபோல் சுருண்ட பம்பின் இரும்பு ஓட்டைச் சென்னியம்மாள் சுற்றிச் சுற்றி வந்தார். 'ஏனுங்க நாயுடு, இந்த நத்தை தண்ணி குடிக்குமுங்களா, இல்லை நானே ஊட்டி உடோணுமா?' அப்பா விசையைப் போட்டார்.

முதலில் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. எல்லோரும் குழாயின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு காற்று வந்தது. ஒரு தவளை வந்தது. பிறகு தண்ணீர்.

எப்படி எழுதுவது. தண்ணீர் வந்தது என்பதற்கு மேல் சொல்ல எனக்கு மொழி இல்லை. வாய்க்கால் திடீரென்று நடக்கத் தொடங்கியது. கவலை கட்டித் தண்ணீர் இறைக்கும் மாடுகள் நிழலில் நின்று பார்த்தன. 'ஏனுங்கடா, உங்களுக்கு இன்னைக்கு லீவு,' என்று அவற்றிடம் சென்னியம்மாள் சொன்னார். அப்பா தலைப்பாகையைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வை என்றார். தை மாதக் காலையில் என்ன வியர்வை.

தங்களுக்கு என் வாழ்த்து. பங்குனியில் பரீட்சைக் குழுவின் முன் தலை நிமிர்ந்து நிற்கலாம்.

ஒரு சின்ன விஷயம். எழுதலாமா என்று யோசித்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டாவிட்டால் விடமாட்டேன் என்றார் சென்னியம்மாள். மாசாணம் பம்பை நிறுத்தி மூடியைத் திறந்தார். நானும் குனிந்து பார்த்தேன். பழக்கத்தில் இடது கையை நீட்டி வளைவோடு வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. வலது கை பொருந்தியது.

வார்த்த அன்றைக்கு நான்தான் தப்பாகப் பார்த்திருக்க வேண்டும். இறக்கைகள் ஒரே பக்கத்தில்தான் இருக்கின்றன, எப்படிச் சுற்றினாலும் அந்த வளைவு மாறாதே என்பதும் தெரிகிறது. மாசாணத்தைக் கேட்டேன். இருமினார்.

கனகம்


பீளமேடு,
மாசி, முதல் வெள்ளி.

அன்புள்ள உங்களுக்கு,

இதை இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். இந்தத் தாளையாவது கிழிக்காமல் அனுப்ப வேண்டும்.

நேற்று மோர் எடுக்க அடுக்களைக்குப் போனேன். மோர்ப்பானை வழக்கத்தைவிடக் கொஞ்சம் உயரத்தில் இருந்தது. பிரிமணைக்குப் பதிலாகக் கீழே ஏதோ இரும்பு. பானையைத் தூக்கினேன். உங்கள் சக்கரம். இடது உள்ளங்கை.

அம்மாவைக் கேட்டேன். 'உங்கப்பாதான் கொண்டுவந்து வச்சாரு. பானை நல்லா ஆடாம உக்காருது,' என்றாள். அதற்குமேல் அவளுக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்ததாகக் காட்டவில்லை.

நீங்கள் அனுப்பிய படங்களின் நகல்கள் அப்பாவின் மேசையில் இருக்கின்றன. சித்திரை, வைகாசிப் படங்கள் முழுவதும் சிவப்பு. அம்மை போட்டதுபோல. ஆவணிக்குப் பிறகு வந்தவற்றில் ஒரு புள்ளிகூட இல்லை. ஓட்டின் படத்தையும் சக்கரத்தின் படத்தையும் எடுத்து, ஜன்னல் கண்ணாடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். வெயில் நன்றாக இருந்தது.

நேராகச் சொல்லிவிடுகிறேன். ஓட்டை முன்பக்கத்திலிருந்து பார்த்து வரைந்திருக்கிறீர்கள். சக்கரத்தை மோட்டார்ப் பக்கத்திலிருந்து பார்த்து வரைந்திருக்கிறீர்கள். தனித்தனியே இரண்டும் சரி. சேர்த்தால் ஒன்று கிழக்கே போகச் சொல்கிறது, ஒன்று மேற்கே. மோட்டாரை எந்தத் திசையில் சுற்றினாலும் ஒன்றுக்கு அது தப்பு.

பட்டறைக்குப் போய் அப்பாவைக் கேட்டேன். மாசாணமும் நின்றார். முதலில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு எல்லாம் வந்தது. படம் வந்த அன்றே இருவருக்கும் தெரியும். வார்த்த பிறகு பட்டறைத் தொட்டியில் ஓட்டியும் பார்த்திருக்கிறார்கள். மோட்டார் சுட்டிருக்கிறது, குழாயில் கொஞ்சமாகக் கசிந்திருக்கிறது. 'தண்ணி வராம இல்லைங்க அம்மணி. வந்துதுங்க. ஆனா, கோவிச்சுட்டு வந்துதுங்க,' என்றார் மாசாணம். அதன் பிறகு ஒருவருக்கும் தெரியாமல் சரியான சக்கரம் ஒன்றை வார்த்து உள்ளே மாட்டிவிட்டார்கள். பழையதை உடைத்து உலையில் போட மாசாணம் சம்மட்டியை எடுத்தாராம். அப்பா தடுத்துவிட்டார். 'மாப்பிள்ளை கைப்பட வரைஞ்சதை உடைக்கறதா?' அப்படித்தான் அது மோர்ப்பானைக்குக் கீழே வந்தது.

ஒரு வரி எழுதிச் சொல்லியிருக்கலாமே அப்பா என்றேன். அப்பா தம் இரண்டு கைகளையும் விரித்து என் முன் நீட்டினார். 'கண்ணு, நாலு பேர் பார்க்க மாப்பிள்ளை காலைக் கழுவுன கை இது. இந்தக் கையில சிவப்புப் பென்சிலைப் புடிச்சு, நீங்க போட்டது தப்புங்கன்னு எழுதவா?'

கலியாணத்தில் அது வழக்கம். அவர் கழுவினார், நீங்கள் பலகையில் நின்றீர்கள், நான் பக்கத்தில் தலை குனிந்து நின்றேன். அன்று மாலையிலிருந்து உங்களுக்கு இந்த ஊரில் தப்பே நேரவில்லை.

'தண்ணி வந்துருச்சல்ல, அப்புறம் என்ன?' என்றார் அப்பா. கல்லூரியில் தண்ணீரைப் பார்க்க மாட்டார்கள் அப்பா, தாளைத்தான் பார்ப்பார்கள் என்றேன். உங்கள் கையெழுத்துப் போட்ட அந்த இரண்டு தாள்களையும் பரீட்சைக் குழு மேசையில் விரிக்கும். யாராவது ஒருவர், என்னைப்போலச் சேர்த்து வைத்துப் பார்ப்பார். இந்தச் சக்கரம் இந்த ஓட்டில் எப்படி ஐயா ஓடியது என்று கேட்பார். நீங்கள் ஓடியது என்று சொல்வீர்கள். உண்மையாகவே நம்பிச் சொல்வீர்கள். அதற்குப் பிறகு பட்டம் ஏது. அப்பா அங்கே கிடந்த ஒரு பழைய ஓட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார். இதை அவர் யோசிக்கவே இல்லை. அவருக்குப் பம்பு என்றால் தண்ணீர்தான். பிறகு, 'அப்ப நீயே எழுதிப்போடு கண்ணு. உனக்குத்தான் அவர் மாப்பிள்ளை இல்லையே,' என்றார்.

இது ஒரு நல்ல வாதம். கணிதத்தில்கூட இவ்வளவு சுருக்கமாக ஒன்றைப் படித்ததில்லை.

புருஷனுக்குத் தப்புக் கண்டுபிடித்து எழுதுகிற பெண்ணை நான் பார்த்ததில்லை என்கிறாள் அம்மா. நானும் பார்த்ததில்லை. பயமாகத்தான் இருக்கிறது. தபால் பெட்டிவரை போய் யோசிப்பேன். ஆனால் போடுவேன்.

கோபம் வந்தால் கோபத்தையே எழுதுங்கள். 'கடிதம் கிடைத்தது, சுகம்' என்று மட்டும் எழுதாதீர்கள். கலியாணத்திலிருந்து நீங்கள் எனக்கு அப்படித்தான் எழுதுகிறீர்கள். நானும் அப்படித்தான். நமக்குள்ளும் ஒரு திருத்தமும் இல்லை. நாமும் தேறிவிட்டோம் போலிருக்கிறது.

பரீட்சைக்கு இன்னும் நாள் இருக்கிறது. திருத்தி வரைய அது போதும்.

கனகம்


பீளமேடு,
மாசிக் கடைசி.

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் பதில் வரத் தாமதமானதில் நான் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன் என்று எழுதமாட்டேன். நடந்தேன்.

பிறகு ஒரே நாளில் எனக்கு ஓர் உறை, அப்பாவுக்கு ஒரு குழல். என்னுடையதை நான்கு மூலையும் தேயும்வரை படித்தாயிற்று. 'இரண்டு நாள் உன்மேல் கோபம். மூன்றாம் நாள் மோர்ப்பானையை நினைத்துச் சிரித்துவிட்டேன். அறையில் தனியாக. பக்கத்து அறைக்காரர் வந்து எட்டிப் பார்த்தார்.' எனக்கு இதுவரை வந்ததில் மிக நல்ல கடிதம் இதுதான். கோபம் என்ற சொல்லை நீங்கள் அழுத்தி எழுதியிருக்கிறீர்கள். தாளின் பின்பக்கம் தடவினால் தெரிகிறது.

குழலைப் பட்டறையில் பிரித்தார்கள். புதிதாக வரைந்த படங்கள். அவற்றுக்கு நடுவே உருண்டு விழுந்தது ஒரு புதிய சிவப்புப் பென்சில். உங்கள் கடிதத்தை அப்பா சத்தமாகப் படித்தார். 'மாமா, பட்டறை வாசலுக்கு உள்ளே நான் மாணவன். வெளியே வந்த பிறகு மாப்பிள்ளை. விருந்தை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே என்னைத் திட்டுங்கள். திட்டினால்தான் நான் பரீட்சையில் தேறுவேன்.' படித்து முடித்ததும் அப்பா பென்சிலை எடுத்துக் காதில் செருகிக்கொண்டார். காதில்தான். தாளில் வைக்கவில்லை. அதோடு சாப்பிட்டார், அதோடு பக்கத்துப் பஞ்சு மில்லுக்குப் போய்வந்தார். அம்மா, தூங்கும்போதாவது எடுத்து வையுங்கள் என்றாள்.

திட்டப் பழகுகிறார் என்று மாசாணம் வந்து சொன்னார். நான் போய்க் கதவோரம் நின்று கேட்டேன். மாசாணத்தை எதிரே நிறுத்திவைத்து, நீங்கள் என்று நினைத்துக்கொண்டு, அப்பா ஆரம்பித்தார். 'ஏண்டா கோவிந்து, உனக்குக் கண்ணு எங்கே போச்சு…ங்க?' மாசாணம், அந்த 'ங்க'வை விட்டுப்போடுங்க மொதலாளி என்றார். 'ஏண்டா, மூளை இருக்குதா உனக்கு…ங்க, மாப்பிள்ளை?' அவரால் முடியவில்லை. இந்த ஊர்க்காரருக்குக் கழுத்தைப் பிடித்தாலும் அந்த எழுத்து வந்துவிடும். நான் சிரித்தது கேட்டுவிட்டது. 'நீ போ கண்ணு, இது பட்டறை விஷயம்,' என்றார். உங்கள் பெயரை அப்பா வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் சென்னியம்மாள் வந்தார். அடுத்த கிணற்றுக்கும் ஒரு பம்பு வேண்டுமாம். மேசையில் படத்தையும் காதில் பென்சிலையும் பார்த்தார். விஷயத்தைக் கேட்டார். 'இதென்னங்க நாயுடு, பொண்ணைக் கட்டிக் கொடுத்தா மாப்பிள்ளைக்குப் பாடம் நின்னுபோகுமா? எம் மருமகனை நாத்து நடறப்ப வையாத நாள் கிடையாதுங்க. வரப்பேறி வந்தார்னா இலை போட்டு நெய் ஊத்துவேன். ரண்டுக்கும் வாய் ஒண்ணுதான்.' அப்பா காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.

சக்கரத்தின் வளைவு இப்போது சரியாக இருக்கிறது. அதைத் தொடவில்லை. ஆனால், ஓட்டின் கனத்தில் ஒரு கோடு போட்டார். பிறகு அச்சுத்தண்டில் ஒன்று. பிறகு, குழாய் சேரும் இடத்தில் ஒரு வட்டம், அதற்குள் ஒரு கேள்விக்குறி. ஓர் இடத்தில் 'பூசணிக்காய்' என்றே எழுதினார். தொடங்கியவர் நிறுத்தவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை. மாசாணம் பக்கத்தில் நின்று, அதையும் போடுங்க மொதலாளி, இதையும் போடுங்க என்று எடுத்துக் கொடுத்தார். ஆவணியிலிருந்து சேர்ந்தது அத்தனையும் ஒரே மத்தியானத்தில் வெளியே வந்தது. எழுந்தபோது அப்பா முகம் நன்றாக இருந்தது. கலியாணத்துக்குப் பிறகு அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. கலியாணத்துக்கு முன்னால் உங்களோடு சண்டை போட்டுவிட்டு வருவாரே, அந்த முகம்.

படங்களை இதே தபாலில் அனுப்புகிறோம். குங்குமம் கொட்டினாற்போல இருக்கும். பயப்படாதீர்கள். இரண்டாவது தாளில் மேல்மூலையைப் பாருங்கள். தண்ணீர் உள்ளே வரும் வாயை நீங்கள் அகலப்படுத்தியிருக்கிறீர்கள். அங்கே சிறியதாக, சிவப்பில், 'இது நல்லது' என்று எழுதியிருக்கிறார். 'ங்க' போடவில்லை. இத்தனை நாள் சொன்ன 'நல்லா இருக்குதுங்க' எதையும் கணக்கில் சேர்க்காதீர்கள். இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்ட சக்கரம். பரீட்சைக் குழுவின் மேசையில் அதையே வைத்து, இதுதான் என் தப்பு, இதை இப்படிக் கண்டுபிடித்தோம் என்று ஆரம்பிக்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தை மறுபடி மறுபடி படித்தேன். 'கண்டுபிடித்தோம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மாவிடம் சொன்னேன். பானையை எங்கே வைப்பது என்றாள். பிறகு அவளே சக்கரத்தைக் கழுவி, துடைத்து, உங்கள் பழைய துண்டில் சுற்றிக் கொடுத்தாள். ரயில் பார்சலில் வருகிறது. ஒரு நிபந்தனையுடன். பரீட்சை முடிந்ததும் அதை மாப்பிள்ளையே கையில் கொண்டுவந்து பானைக்கடியில் வைக்க வேண்டுமாம். பார்சலில் அனுப்பினால் வாங்கமாட்டாளாம்.

சென்னியம்மாளின் இரண்டாவது கிணறு முதலாவதைவிட ஆழம். அந்தப் பம்பு வேறு மாதிரி இருக்க வேண்டும் என்கிறார் அப்பா. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இத்துடன் வைத்திருக்கிறேன். தப்பு இருக்கும். சிவப்பில் போடுங்கள். கோபப்படமாட்டேன், அல்லது இரண்டு நாள் படுவேன். உங்கள் கடிதங்களிலும் நான் திருத்த நினைப்பது நிறைய இருக்கிறது. அதையெல்லாம் தபாலில் வேண்டாம்.

வீட்டில் மோர்ப்பானை இப்போது ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. தொட்டால் ஆடுகிறது. எல்லோரும் பார்த்துப் பார்த்துத்தான் மோர் எடுக்கிறோம்.

பரீட்சை நல்லபடி முடியட்டும். முடிந்த அன்றைக்கே ரயில் ஏறுங்கள். சக்கரத்தை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். சண்டை போட வாருங்கள், கோவிந்தராஜுலு.

கனகம்